அம்மாவை நடக்கவே விட வேண்டாமா, டாக்டர்?

திருச்சியில் வங்கி வேலையில் இருக்கும் ஒரு சகோதரி தன் அம்மாவைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அப்பா இறந்தபின் மகள் வீட்டில்தான் இருக்கிறார். எட்டு மாதத்தில் மூன்று முறை விழுந்துவிட்டார். முதல் தடவை கொல்லையில் துணி காயப்போடப் போனபோது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, முழங்கைக் காயத்தைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. இரண்டாவது, விடியற்காலை மூன்று மணிக்கு பாத்ரூம் போகும் வழியில். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து, நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது, போன மாதம் ஏகாதசியன்று பூஜை முடித்துத் தரையிலிருந்து எழுந்தபோது. அடிபடவில்லை என்றாலும் பயந்துபோய் தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். "எல்லாம் நார்மல், வயசாயிடுச்சு, பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்களாம்.

அதன்பிறகு துபாயில் இருக்கும் அண்ணன் போட்ட உத்தரவு: இரவில் டயப்பர், கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி, பகலில் ஒரு ஹோம் நர்ஸ், அம்மா தனியாக ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. ஒரு மாதமாக அப்படித்தான் போகிறது. "என்னைப் பொட்டலம் கட்டி வச்சுட்டீங்க" என்று அம்மா அழுகிறாராம். இது சரியா, எலும்புக்கு வைட்டமின் டி ஊசி போட்டால் போதுமா, கைத்தடி வேண்டாம் என்று அடம்பிடிப்பவரை என்ன செய்வது, நான் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார். மாத்திரைப் பட்டியலையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார், அது பெரிய உதவி.

சகோதரி, முதலில் உங்கள் பயத்தைப் பற்றி. அது வீண் பயம் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆக, அண்ணன் பதறுவதில் தப்பில்லை. பதற்றத்தில் அவர் பிடித்த வழிதான் தப்பு. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது அம்மா அடுத்து விழுவதற்கான ஏற்பாடு. 2007-ல் அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்துபோனது. உங்கள் அம்மா ஒரு மாதமாகப் படுத்திருக்கிறார், அதுவும் சர்க்கரையோடு. இனி என்றாவது ஒருநாள் நர்ஸ் அசந்த நேரத்தில் எழுந்து நிற்கப் பார்ப்பார், கால் தாங்காது. கட்டில் கம்பியும் அப்படித்தான், பாதுகாப்பு மாதிரி தெரியும். ஆனால் இரவில் அவசரமாக ஒன்றுக்கு வரும்போது அதன்மேல் ஏறி இறங்கப் பார்ப்பார்கள், கட்டிலிலிருந்து விழ வேண்டியவர் கம்பி உயரத்திலிருந்து விழுவார். கம்பியைக் கழற்றிவிடுங்கள். கட்டில் உயரமாக இருந்தால், உட்காரும்போது இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதியும் அளவுக்குக் கட்டில் காலைக் குறைத்துக்கொள்ளுங்கள், தச்சருக்கு அரைமணி நேர வேலை.

"வயசாயிடுச்சு" என்பதை நான் ஒரு காரணமாகவே ஏற்றுக்கொள்வதில்லை. 74 வயதில் விழாமல் நடப்பவர்கள்தான் அதிகம். ஒருவர் எட்டு மாதத்தில் மூன்று தடவை விழுகிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, பெரும்பாலும் ஒன்றல்ல, நாலைந்து சேர்ந்து இருக்கும். அதைத் தேட தலையை ஸ்கேன் எடுத்தார்கள், சரி. ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் நாலு வரியில் ஸ்கேனைவிட அதிகம் இருக்கிறது.

நீங்களே எழுதியிருக்கும் நாலு வரிகள்

ஒன்று: "அன்று ஏகாதசி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படவில்லை, மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டார்." காலையில் அவர் போடுவது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் கலந்த மாத்திரை. கிளிமிபிரைடு, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் அதைப் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து பூஜை செய்துவிட்டு எழுந்தால் யாருக்கும் கண் இருட்டும். கூடவே, "மூன்று மாதச் சர்க்கரை 6.2, டாக்டரே பாராட்டினார்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையின் அளவு அது. நாற்பது வயதுக்காரருக்கு அது பாராட்ட வேண்டிய எண். இந்த மாத்திரையில் இருக்கும், ஏற்கெனவே மூன்று முறை விழுந்த 74 வயது அம்மாவுக்கு அது எனக்குக் கவலை தரும் எண். இவருக்கு ஏழரை, எட்டுக்குள் இருந்தால் போதும். சர்க்கரை கொஞ்சம் கூடுவதால் வரும் கெடுதல் வருடக்கணக்கில் வரும், தாழ்ந்துபோனால் இன்றைக்கே இடுப்பு உடையும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறது என்கிறீர்கள், ஓரிரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே ஏதாவது இனிப்பாகக் குடிக்கக் கொடுத்துவிட்டு, மறுநாளே டாக்டரிடம் சொல்லுங்கள். விரதம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்க மாட்டார். விரத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி பூஜையறையிலேயே ஒட்டிவையுங்கள்.

இரண்டு: "செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நடந்து வருகிறார், மறதி என்று நினைத்தோம்." மறதி இல்லை, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. சர்க்கரைக்காரர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வியே இதுதான். தரை எங்கே இருக்கிறது என்று பாதம் சொல்லாவிட்டால், வெளிச்சம் இருக்கும்வரை கண்ணை வைத்துச் சமாளிப்பார்கள், இருட்டில் ஆடிப்போவார்கள். மூன்று மணி விழுகையில் இதற்கும் பங்கு இருக்கும். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும், அம்மா சைவம் என்பதால் இன்னும் குறையும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும், குறைவாக இருந்தால் சரிசெய்துவிடலாம்.

மூன்று: "தலைசுற்றலுக்கு இரண்டு வருடமாக ஒரு மாத்திரை, அதே சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவிடுவோம்." போட்டோவில் பார்த்தேன், சின்னரிசின். தலை சுற்றும்போது சில நாள் சாப்பிட வேண்டிய மருந்து அது. மாதக்கணக்கில் போனால் வயதானவர்களுக்கு பார்க்கின்சன் நோய் போலவே நடையைச் சுருக்கிவிடும். "நடை குறுகிவிட்டது, கையை வீசாமல் காலை இழுத்து இழுத்து வைக்கிறார்" என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை! மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும், சில வாரம், சில மாதம்கூட ஆகலாம். சரியாகாவிட்டால் உண்மையான பார்க்கின்சனா என்று நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். அப்புறம், தலை எப்போது சுற்றுகிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். படுக்கையில் புரளும்போது சில நொடி உலகமே சுற்றினால் அது காதுக்குள் இருக்கும் சின்னக் கால்சியத் துகள் இடம் மாறிய கோளாறு, தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பிப் படுக்கவைத்தே காது மூக்கு தொண்டை மருத்துவர் சரிசெய்துவிடுவார். எழுந்து நின்றால் மட்டும் கிறுகிறுக்கிறது என்றால் அது வேறு, கீழே சொல்கிறேன்.

நான்கு: "வலது கண்ணில் புரை, இன்னும் முத்தவில்லை என்று காத்திருக்கிறோம்." புரை முத்த வேண்டும் என்பது பழைய காலத்து அறுவைக்கு. இப்போது நன்றாக முத்திப் போனால்தான் டாக்டருக்குக் கஷ்டம். இங்கிலாந்தில் நாட்டிங்காமில் எழுபது வயது தாண்டிய பெண்களிடம் நடத்திய ஆய்வில், முதல் கண்ணுக்குப் புரை எடுத்தவுடனேயே விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகச் செய்கிறார்கள், தள்ளிப்போட வேண்டாம். அதன்பிறகு கண்ணாடி போடும்போது, மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்கும் சேர்ந்தாற்போல் உள்ளதைப் போட்டுக்கொண்டு படி இறங்க விடாதீர்கள், கீழே பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். நடப்பதற்குத் தனி, படிப்பதற்குத் தனி என்று இரண்டு கண்ணாடி நல்லது.

ராத்திரி மாத்திரைகள்

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் போடும் பிரஷர் மாத்திரையில் மூன்று மருந்துகள் சேர்ந்து இருக்கின்றன, அதில் ஒன்று சிறுநீரை அதிகமாகப் போகவைப்பது. அதை இரவு ஒன்பது மணிக்குக் கொடுத்துவிட்டு நடுராத்திரி ஏன் எழுந்துகொள்கிறார் என்று கேட்டால் எப்படி? கூடவே அப்பா போனபின் ஆரம்பித்த தூக்க மாத்திரை, அல்பிரசோலம். மாத்திரையே எழுப்பிவிடுகிறது, இன்னொரு மாத்திரை கால் பின்னவைக்கிறது. சிறுநீர் மாத்திரை ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கவும் செய்யும். பிரஷர் என்று உப்பையும் குறைத்துவிட்டு, திருச்சி வெயிலில் வியர்த்துக்கொண்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம். சோடியம் கொஞ்சம் இறங்கினாலே நடை தள்ளாடும். பி12 பார்க்கும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருக்கிறதல்லவா, இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்கவைத்துப் பாருங்கள், எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் பாருங்கள், மூன்றாவது நிமிடத்தில் மறுபடி பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், நிற்கும்போது பிரஷர் விழுகிறது என்று அர்த்தம். உட்காரவைத்து மட்டுமே பார்க்கும் ஆஸ்பத்திரியில் இது ஒருநாளும் தெரியாது. எண்களை எழுதிக்கொண்டு போங்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. முக்கியமாக அல்பிரசோலம். மூன்று வருடப் பழக்கத்தைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமே போய், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க முடியும். எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு, ஒரே ஒரு மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். சர்க்கரைக்கு ஒருவர், பிரஷருக்கு ஒருவர், தலைசுற்றலுக்கு மெடிக்கல் ஷாப் என்று பிரிந்து கிடப்பதால்தான் இவ்வளவும். சென்னை கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை மாதிரி இடங்கள் இதற்கென்றே இருக்கின்றன, ஆனால் அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. பொறுமையாக உட்கார்ந்து பட்டியலைப் படிக்கும் நல்ல பொது மருத்துவர் போதும்.

ஊசி, எலும்பு, கட்டு

வைட்டமின் டி குறைவாக இருந்தால் நிரப்ப வேண்டும், அதில் கேள்வி இல்லை. "ஆறு லட்சம் யூனிட் ஊசி, வருஷத்துக்கு ஒன்று போட்டால் விழவே மாட்டார்" என்று உங்கள் பக்கத்து வீட்டில் சொன்னதை மட்டும் விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் எழுபது தாண்டிய பெண்களுக்கு வருடம் ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள், 2010-ல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகமாக விழுந்தார்கள், எலும்பும் அதிகமாக உடைந்தது.

உண்மையில் எலும்புக்குச் செய்ய வேண்டியதை நீங்கள் செய்யவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிகிறது என்றால் எலும்பு பலவீனமாகிவிட்டது என்ற எச்சரிக்கை அது. கட்டுப் பிரித்ததோடு விஷயம் முடிந்ததாக எல்லோரும் நினைத்துவிட்டீர்கள். எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, கால்சியம், சிறுநீரகம், பல் எல்லாம் பார்த்துவிட்டு எலும்பை வலுப்படுத்தும் மருந்து ஆரம்பிக்க வேண்டும். வாரம் ஒரு மாத்திரையும் உண்டு, வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றுவதும் உண்டு.

நாட்டுக்கட்டைப் பற்றிச் சண்டை போட விரும்பவில்லை, மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் காலம் தள்ளலாம். இடுப்பு எலும்பு மட்டும் அப்படி இல்லை. விழுந்தபின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் நிற்கவைக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிட்டு நேராக எலும்பு மருத்துவம் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அங்கே இரண்டு நாளுக்குள் அறுவை நடப்பதுதான் உயிரைக் காக்கும். "இந்த வயசில் ஆபரேஷனா" என்று கட்டுப் போட்டுப் படுக்கவைத்தால் படுக்கைப்புண்ணும் நிமோனியாவும்தான் வரும். தலையில் அடிபட்டிருந்தால், முதல் ஸ்கேன் நார்மலாக இருந்தாலும், சில வாரம் கழித்துத் தூக்கமாகவே இருப்பது, குழறுவது, தலைவலி என்று வந்தால் மறுபடி காட்டுங்கள். மெதுவாகக் கசியும் ரத்தம் அப்போதுதான் தெரியும்.

பாத்ரூமும் பாதமும்

வீடு முழுக்க மாற்ற வேண்டாம். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஒருமுறை, இரவு விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே நடந்து பாருங்கள். வாசலில் கிடக்கும் மிதியடி பழைய புடவையை மடித்துப் போட்டதாக இருக்கும், எடுத்துவிடுங்கள். பாத்ரூம் நிலைப்படியின் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். வழியில் ராத்திரி விளக்கு ஒன்று, கரண்ட் போனால் தானாக எரிவதாக இருந்தால் நல்லது. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அது கையோடு வந்துவிடும், கழிப்பறைப் பக்கச் சுவரில் செங்கல்லில் திருகி இறக்கிய ஸ்டீல் கைப்பிடி வேண்டும், குளிக்கும் இடத்தில் இன்னொன்று. ஈரத் தரையில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரியும், ரப்பர் பாதம் உள்ள குளியல் ஸ்டூல் வாங்குங்கள். உள்ளே தாழ்ப்பாள் வேண்டாம், கதவில் துண்டு தொங்கினால் ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். டயப்பருக்குப் பதில், நடை தேறும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி. டயப்பர் கட்டிவிட்டால் ஒன்றுக்கு வரும் அவசரம் போய்விடுமா, தோல்தான் புண்ணாகும். காலில் எண்ணெய் தேய்த்தால் துடைக்காமல் நடக்கவிடாதீர்கள்.

வீட்டுக்குள் செருப்பு போடுவது நம் வழக்கம் இல்லைதான். இருந்தாலும் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு வேண்டும். பின்பக்கம் வார் உள்ள எம்சிஆர் செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) ஒன்றை வீட்டுக்கென்றே தனியாக வைத்துவிடுங்கள், பூஜையறை வாசலில் கழற்ற ஒரு நாற்காலியும் போடுங்கள். பூஜையும் நாற்காலியில் உட்கார்ந்தே நடக்கட்டும்.

நடக்கவைப்பது எப்படி

ஒரு மாதம் படுத்தவரை நாளைக்கே எழுப்பி நடக்கச் சொல்லவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுக்கட்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். வெறும் நடைப்பயிற்சி போதாது, கால் வலுவும் நிற்கும் நிதானமும் வர வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து நிற்பது. கேட்டால் சாதாரணமாக இருக்கும், ஆனால் விழுவதைக் குறைக்க இதைவிட நன்றாக நிரூபிக்கப்பட்ட மருந்து எங்களிடம் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் விழுவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்தது. தேறுகிறாரா என்று பார்க்க, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்று மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் இன்னும் ஆபத்து இருக்கிறது.

கைத்தடி விஷயத்தில் அம்மா பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நீங்கள் கொடுத்தது அப்பாவின் தடி. அவர் ஆறடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் தடியின் உயரம். அதற்கு மேல் இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், தடியே தட்டிவிடும். உயரம் மாற்றக்கூடிய அலுமினியத் தடி வாங்கி, அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தவுடன் மாற்றுங்கள். எந்தக் கால் பலவீனமோ அதற்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும்.

முதல் தடவை விழுந்ததை அவர் ஏன் மறைத்தார் என்று கேட்டிருந்தீர்கள். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் இப்போது ஆகியிருக்கிறது. இனி விழுந்தால் திட்டாமல், "அப்போது என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்க, எழுந்த உடனேவா, நடக்கும்போதா, முன்னாடி கண் இருட்டுச்சா" என்று மட்டும் கேட்டு எழுதிவையுங்கள். செல்போனைச் சின்னத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். விழுந்து எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பது, விழுந்த அடியைவிட மோசம்.

வேலையை விட வேண்டாம். நீங்கள் வீட்டில் உட்கார்ந்தாலும் அம்மாவை இருபத்துநாலு மணி நேரமும் பிடித்துக்கொண்டு இருக்க முடியாது. ஹோம் நர்ஸை இன்னும் இரண்டு மூன்று மாதம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வேலையை மாற்றிக் கொடுங்கள். அவர் அம்மாவைப் படுக்கவைக்க வரவில்லை, பக்கத்தில் நின்று நடக்கவைக்க வருகிறார். அண்ணனிடம் இந்தப் பதிலை அப்படியே அனுப்பி, டயப்பருக்கும் கம்பிக் கட்டிலுக்கும் போகும் பணத்தில் கைப்பிடி, கமோடு நாற்காலி, டெக்ஸா ஸ்கேன், பிசியோதெரபி நாலும் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மாத்திரைப் பையோடு டாக்டரைப் பார்ப்பதை மட்டும் இந்த வாரத்தைத் தாண்டவிடாதீர்கள், வரும் ஏகாதசிக்கு முன்னால் அது முடிந்திருக்க வேண்டும்.